பற்ற வைக்காத மார்க்கர்

கம்ப்யூட்டர் வாத்தியாருக்கு வேண்டியது மூளை என்று வெளியூரில் நினைக்கிறார்கள். ஹைதராபாத் அமீர்பேட்டில் கேட்டுப் பாருங்கள், தொண்டை என்பார்கள்.

மெட்ரோ வராத காலம். ஒரு கட்டிடத்தில் நாலு இன்ஸ்டிட்யூட், ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று ஹால், ஒவ்வொரு ஹாலிலும் கல்யாணப் பந்தி மாதிரி கூட்டம். ஜன்னலை மறைத்து பேனர் தொங்குவதால் பகலிலும் ட்யூப்லைட் எரியும். அங்கே நான் ஜாவா சொல்லிக்கொடுத்தேன். விருதுநகர்க்காரன். தெலுங்கு அரைகுறை, ஆங்கிலம் முக்கால், மைக் கிடையாது. கடைசி வரிசை வரை கேட்க வேண்டுமென்றால் கத்தத்தான் வேண்டும். கத்தி முடித்தால் கீழே இறங்கி இரானி சாயா ஒன்று, சிகரெட் ஒன்று. வகுப்புக்கு முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, பின்னால் ஒன்று என்று வருஷக்கணக்காக ஓடிய வண்டி அது. விட்டவர்கள், விட்டுவிட்டு மறுபடி பிடித்தவர்கள், 'நாளையிலிருந்து' என்று சொல்லிக்கொண்டே இருப்பவர்கள் எல்லாரும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். நம் அவஸ்தை நமக்குத்தான் தெரியும்.

பாதி நெருப்பு

குரல் கம்மியது, கம்மியபடியே நின்றுவிட்டது. மிளகு, பனங்கற்கண்டு, உப்புத் தண்ணீர் எல்லாம் பார்த்தாயிற்று. மாணவர்கள் அதை என் ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டார்கள். என் மனைவி செல்வி அப்படி நினைக்கவில்லை. தார்நாகாவில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் மூக்கு வழியாகக் கேமராக் குழாயை விட்டு, உள்ளே இருப்பதை டி.வி.யில் காட்டினார். குரல் நாணின் ஓரத்தில் நொய்யரிசி ஒட்டியது போல ஒரு வெள்ளைத் திட்டு.

"புகையால வந்திருக்கலாம். விட்டா தானாப் போகலாம். தீபாவளி கழிச்சு வாங்க, மறுபடி பார்ப்போம். அப்பவும் இருந்தா ஒரு துணுக்கு வெட்டி எடுத்து, என்னன்னு பார்க்க அனுப்பணும்" என்றார். அந்த 'என்ன' எது என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. தொண்டை போனால் வேலை போகும்; வேலையோடு நின்றுவிடுமா என்பதுதான் பயம். பக்கத்தில் செல்வி புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். அந்த நேரத்திலும் என் பழக்கம் வாயைத் திறந்து பேரம் பேசியது. ஒரேயடியாக விடாமல் குறைத்துக்கொண்டால் போதாதா என்று கேட்டேன்.

டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, தெலுங்கில் கேட்டது இது: "வீடு பத்தி எரியுது, பாதி அணைச்சாப் போதுமான்னு கேக்குறீங்களா?"

இடைவேளை யாருக்கு?

அன்றே விட்டேன். விட்ட புதிதில் எனக்கு ஒரு விஷயம் தெரிந்தது: பேச்சை நிறுத்தினால் கை சட்டைப் பையைத் தடவுகிறது. அதனால் நிறுத்தாமல் பேசினேன். இரண்டு மணி நேர வகுப்பில் நடுவே பத்து நிமிஷம் விடுவது வழக்கம். அது எனக்காக, அதாவது என் சிகரெட்டுக்காக, ஏற்பட்ட இடைவேளை. சிகரெட் இல்லை என்றதும் இடைவேளை எதற்கு? வகுப்பு குறையாமல் நடக்கிறது, பையன்கள் கொடுத்து வைத்தவர்கள் என்று எனக்குள் பெருமை வேறு.

அமீர்பேட் ஹாலில் இடம் பிடிப்பது எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். உட்கார்ந்திருப்பவர்களைப் போலவே சுவரோரம் நிற்பவர்களும் உண்டு. வகுப்பு நடுவில் ஒருவன் எழுந்தால் அந்த நாற்காலியில் அடுத்தவன் உட்கார்ந்துவிடுவான், கேட்கவும் முடியாது. இடைவேளையில் மட்டும்தான் நோட்டைப் போட்டுவிட்டுப் போனால் இடம் நிற்கும். அது எழுதாத சட்டம். நான் இடைவேளையைத் தூக்கியதும் அத்தனை பேரும் நாற்காலியோடு நாற்காலியாகச் சிறைப்பட்டுவிட்டார்கள். ஒரு வாரம் பொறுத்தார்கள். பிறகு லாவண்யா என்ற பெண்ணைத் தூது அனுப்பினார்கள். சித்தூர்ப் பெண், தமிழ் பேசுவாள்.

"சார், நீங்க சிகரெட்டை விட்டது ரொம்ப நல்ல விஷயம் சார். ஆனா எங்களால பாத்ரூம் போறதை விட முடியாது சார்."

சாம்பல்

ஆட்களை ஏமாற்றலாம், விரல்களை ஏமாற்ற முடியாது. போர்டில் எழுதி முடித்துவிட்டுத் திரும்பி விளக்கம் சொல்லும்போது, மார்க்கரை ஆள்காட்டி விரலுக்கும் நடு விரலுக்கும் நடுவில் பிடித்திருப்பேன். அது பழைய பழக்கம், யாரும் கண்டுகொள்வதில்லை. ஒருநாள் ஒரு கடினமான இடம். யாருக்கும் புரியவில்லை. எனக்கும் அன்றைக்குத் தலைவலி, காலையிலிருந்து யாரைப் பார்த்தாலும் எரிச்சல். ஜன்னல் பக்கம் போய் நின்று, மார்க்கரை நீட்டி, கட்டை விரலால் அதன் பின்பக்கத்தை இரண்டு தட்டு தட்டினேன். அப்புறம் மறுபடி இரண்டு தட்டு.

ஹால் முழுக்க அமைதி. பாடம் புரிந்துவிட்டது போலிருக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டேன். முதல் வரிசையில் ஒரு வாரங்கல் பையன், வாய் திறந்து பேசவே மாட்டான், மிகுந்த மரியாதையோடு எழுந்து நின்றான்.

"சார், அதை நீங்க இன்னும் பத்த வைக்கவே இல்லை சார்."

காரைக்குடியில் நான் ஒரு மகான்

தசராவுக்கு இன்ஸ்டிட்யூட் மூடினார்கள். செல்வியோடு காரைக்குடிக்கு, மாமனார் வீட்டுக்குப் போனேன். அங்கே புகை நினைப்பே வரவில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன், பேப்பரை விளம்பரம் விடாமல் படித்தேன், எரிச்சல் இல்லை, தலைவலி இல்லை. ஹைதராபாத்தில் மணிக்கொரு தரம் என்னைப் பிடித்து உலுக்கியது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மாமனார் முன்னால் நான் ஒருநாளும் பிடித்ததில்லை. அந்த வீட்டின் எந்த மூலைக்கும் என் சிகரெட்டோடு பழக்கம் கிடையாது. இது இப்போது புரிகிறது. அப்போது அதை என் மன உறுதி என்றே எடுத்துக்கொண்டேன்.

சும்மா இருந்திருக்கலாம். மைத்துனன் கணேசனும் பிடிப்பவன். அவனைப் பந்தியில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, மனசு வைத்தால் மலையும் கடுகுதான் என்கிற ரீதியில் பேசினேன். ஊருக்கு உபதேசம் செய்வதில் ஒரு ருசி இருக்கத்தான் செய்கிறது. அவன் ரசத்தைக் கையில் ஏந்திக் குடித்து முடிக்கும் வரை காத்திருந்தான்.

"அத்தான், இந்த வீட்டுக்குள்ள நானுந்தான் பிடிக்கிறதில்ல. தெருமுனைக்கு வந்து சொல்லுங்க பார்ப்போம்."

நெருப்புக் கயிறு

ஊரிலிருந்து திரும்பி, எங்கள் வீடு இருந்த குகட்பள்ளியில் பஸ் ஏறும்போதும் நான் மகான்தான். அமீர்பேட்டில் இறங்கினேன். டீக்கடையில் சாஸர்கள் மோதும் சத்தம், கொதிக்கிற பாலின் வாசனை, அதன் மேல் டீசல் புகை. வாயில் எச்சில் ஊறிவிட்டது. காரைக்குடியில் ஒரு தடவையும் எட்டிப் பார்க்காத ஆசை, இத்தனை நாளும் இந்த முக்கில் எனக்காகக் காத்திருந்த மாதிரி வந்து தோளில் கை போட்டது.

எங்கள் கட்டிடத்துக்குக் கீழே சலீம் பாயின் பான் கடை. நான் வந்தால் அவர் எதுவும் கேட்க மாட்டார், நானும் சொல்ல மாட்டேன். ஒன்றை எடுத்து நீட்டுவார், நான் வாங்குவேன், கடைத் தூணில் தொங்கும் நெருப்புக் கயிற்றில் பற்ற வைப்பேன். நான் விட்டதை அவரிடம் சொல்லவில்லை. பின்பக்கப் படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். அன்று மறந்துபோய் முன்பக்கமாக வந்துவிட்டேன். அவர் நீட்டினார். ஊர்க்கதை பேசிக்கொண்டே நான் வாங்கி உதட்டில் வைத்துக் கயிற்றைத் தூக்கிக் குனிந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கணத்தில் பிடிப்பதாக எனக்குத் தெரியவே தெரியாது.

பின்னாலிருந்து யாரோ காலரைப் பிடித்து இழுத்தார்கள். டேட்டாபேஸ் சொல்லிக்கொடுக்கும் சீனிவாஸ். சென்னையில் வேலை பார்த்தவன், தமிழ் நன்றாக வரும். என் தொண்டையில் இருக்கும் வெள்ளைத் திட்டைப் பற்றி இன்ஸ்டிட்யூட்டில் அவனுக்கு மட்டும் தெரியும். சிகரெட்டைத் திருப்பிக் கொடுத்தேன். தப்பித்தேன் என்ற நிம்மதியை விட, எவ்வளவு சுலபமாக விழுந்திருப்பேன் என்ற பயம் அதிகமாக இருந்தது. சீனிவாஸ் என் காலரைச் சரி செய்துவிட்டான்.

"அண்ணா, நீங்க விட்டுட்டீங்க, ஓகே. உங்க கைகிட்ட யாரும் சொல்லலை போல."

ஹால் மாற்றம்

அதற்குப் பிறகு நான் வீராப்பை மூட்டை கட்டிவிட்டேன். சாயாவை நிறுத்தி எலுமிச்சை ஜூஸுக்கு மாறினேன். என் ஹால் ஜன்னல் டீக்கடைக்கு நேர் மேலே இருந்தது. சாயங்காலம் புதுப் பால் கொதிக்கும்போது வாசனை மேலே வந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். இன்ஸ்டிட்யூட் முதலாளி பிரசாத் ராவிடம் போய், வேறு ஹால் வேண்டும் என்று கேட்டேன். காரணத்தையும் மறைக்கவில்லை. நல்ல மனிதர், உடனே கொடுத்தார். கட்டிடத்தின் மறுபக்கம், பிரியாணிக் கடைக்கு நேர் மேலே.

அங்கே சிகரெட் ஞாபகம் வரவில்லை என்பது உண்மை. ஆனால் மத்தியான பேட்ச் முடிந்ததும் கால்கள் தாமாகக் கீழே இறங்கின. விட்டவனுக்கு நாக்கில் ருசி திரும்பிவிடும், அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. தொப்பை ஏறி, பெல்ட்டில் கடைசி ஓட்டைக்கு வந்துவிட்டேன். பிரசாத் ராவ் மேலும் கீழும் பார்த்தார்.

"பாலு சார், சிகரெட்டுக்குப் பயந்தீங்க, ஹால் மாத்திக் குடுத்தேன். பிரியாணிக்கும் பயந்தீங்கன்னா மொட்டை மாடிதான் பாக்கி இருக்கு."

சலாம்

நக்கோ என்றால் வேண்டாம், கைக்கு என்றால் எதற்கு. ஹைதராபாத்தில் இந்த இரண்டையும் கற்றுக்கொண்டால் பாதிப் பிழைப்பு நடந்துவிடும். மீதிப் பாதியை எனக்கு சலீம் பாய் கற்றுக்கொடுத்தார்.

அன்றைய கலவரத்துக்குப் பிறகு நான் அவர் கடைப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. தூரத்தில் அவர் தொப்பி தெரிந்தாலே ரோட்டைக் கடந்து எதிர்ச் சாரிக்குப் போய்விடுவேன். சிகரெட்டை ஒதுக்கினால் சிகரெட் கொடுத்த மனிதரையும் ஒதுக்க வேண்டியிருக்கிறது. இந்த வியாதியில் அது ஒரு பொல்லாத பக்க விளைவு. ஒருநாள் மசூதியிலிருந்து வந்துகொண்டிருந்தவர் எதிரில் மாட்டிக்கொண்டார். ஓட இடமில்லை. தொண்டையைத் தொட்டுக் காட்டி, டாக்டர் கூடாதென்கிறார் என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் ஒப்பித்தேன். அவர் முகத்தில் கோபம் இல்லை, வருத்தம் இருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"சிகரெட் நக்கோ தோ நக்கோ, சாப். சலாம் கைக்கு பந்த்?"

மறுநாளிலிருந்து சாலையின் எதிர்ப்பக்கம் நின்று கையை உயர்த்துவேன், அவரும் உயர்த்துவார். கொஞ்ச நாளில் கடை முன்னாலேயே நின்று பேசுகிற அளவுக்கு வந்துவிட்டேன். சிகரெட் பெட்டியைக் கல்லாவுக்குக் கீழே தள்ளி வைத்துவிட்டுத்தான் அவர் என்னோடு பேசுவார்.

இருமல் வரும் இடம்

அமீர்பேட்டில் முதல் வகுப்பு இலவசம். டெமோ என்று பெயர். பெண் பார்க்க வருகிற மாதிரி பையன்கள் டெமோ டெமோவாக ஏறி இறங்குவார்கள். பிடித்தால் சேருவார்கள், பிடிக்காவிட்டால் பாதியில் எழுந்து பக்கத்துக் கட்டிடத்துக்குப் போய்விடுவார்கள். அன்றைக்குத் தோற்றால் அந்த பேட்ச்சே இல்லை. எவ்வளவு பழகிய வாத்தியாருக்கும் டெமோ அன்று பரீட்சைதான். முன்பெல்லாம் இரண்டு சிகரெட் பிடித்துவிட்டுத்தான் ஹாலுக்குள் காலை வைப்பேன்.

தீபாவளிக்கு முன்னால் ஒரு டெமோ. வெறும் வாயோடு உள்ளே போனேன். தொடக்கத்தில் ஒரு சொல் முன்னே, ஒரு சொல் பின்னே என்று தடுமாறியது. இரண்டு பேர் எழுந்து போனார்கள். பிறகு வழக்கமான இடத்துக்கு வந்தேன், ஒரு சின்ன ப்ரோகிராமைப் போர்டில் கட்டினேன். அதற்குள் மூழ்கிவிட்டேன் போலிருக்கிறது. முடித்தபோது வேறு யாரும் எழுந்து போயிருக்கவில்லை. குரல் கடைசி வரிசை வரை போயிருந்தது என்பதை நானே அப்போதுதான் கவனித்தேன்.

ஏற்கனவே படித்தவர்கள் இரண்டாம் தடவை வந்து உட்காருவதும் அங்கே உண்டு. அப்படி வந்திருந்த பழைய மாணவன் ஒருவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான். என்னப்பா என்றேன்.

"சார், போன பேட்ச்ல இந்த ப்ரோகிராம் முடிஞ்சதும் நீங்க இருமுவீங்க. அந்த கேப்லதான் நான் நோட்ஸ் எழுதுவேன். இப்ப எப்படி சார் எழுதறது?"

கரண்ட் போனால்

எங்கள் ஹவுசிங் போர்டு காலனியில் சாயங்காலம் கரண்ட் போகும். மறுநாள் டாக்டரிடம் போக வேண்டும், அன்றும் போயிற்று. கரண்ட் போனால் நான் பால்கனிக்குப் போய்விடுவது வழக்கம். இருட்டும் சிகரெட்டின் சிவப்புப் புள்ளியும் எனக்குப் பிரிக்க முடியாத ஜோடி. சாயாவுக்குத் தயாராக இருந்தேன், டெமோவுக்குத் தயாராக இருந்தேன், இதை மறந்துவிட்டேன். கால்கள் பால்கனியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டன. நாளைக்கு என்ன சொல்லப் போகிறாரோ என்ற பயம் ஒரு பக்கம், எப்படியும் வெட்டத்தான் போகிறார்கள் என்றால் ஒன்றே ஒன்று பிடித்தால் என்ன என்ற நப்பாசை ஒரு பக்கம். தெருமுனைக் கடை திறந்திருந்தது. செருப்பைக் காலால் தேடினேன்.

செல்வி மெழுகுவர்த்தி எடுத்துக்கொண்டு வந்தாள். எங்கே என்று கேட்கவில்லை. பால்கனித் தரையிலேயே உட்கார்ந்து, பக்கத்தில் இடம் காட்டினாள். நானும் உட்கார்ந்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது என்று அவளிடம் முதல் தடவையாகச் சொன்னேன். தனக்கு அன்றைக்கே, அந்த டி.வி.யில் பார்த்த அன்றைக்கே பயம் பிடித்துக்கொண்டது என்றாள். கடைக்குப் போகிற வேகம் மெல்ல மெல்ல அடங்கியது. கரண்ட் வந்ததும் எதிர் ப்ளாக்கில் பிள்ளைகள் கத்தினார்கள். நான் எழப் போனேன், அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"கரண்ட் போனா நீங்க வெளிய, நான் உள்ள. கல்யாணம் ஆனதுலருந்து அப்படித்தான். நமக்குன்னு வாய்ச்ச இருட்டையெல்லாம் அந்தச் சனியன்தான் தின்னுட்டு இருந்திருக்கு."

நல்ல சேதி

தார்நாகாவில் மறுபடி அதே நாற்காலி, அதே குழாய், அதே டி.வி. இந்தத் தடவை நான் கண்ணை மூடிக்கொண்டேன். டாக்டர் குழாயை அப்படியும் இப்படியும் திருப்பினார். ஒரு சத்தம் கொடுங்கள் என்றார், கொடுத்தேன். மறுபடி கொடுங்கள் என்றார். எவ்வளவு நேரம் என்று தெரியாது, எனக்கு ஒரு பேட்ச் முழுக்கப் போனது போலிருந்தது. கடைசியில் செல்விதான் என் தோளைத் தொட்டாள். கண்ணைத் திறந்து பார்த்தேன். குரல் நாண் இரண்டும் வெள்ளை நாடா மாதிரி வழவழவென்று சுத்தமாக இருந்தன. திட்டு இல்லை. வெட்ட வேண்டாம், ஆறு மாதம் கழித்து ஒரு தரம் வந்து காட்டினால் போதும் என்றார் டாக்டர். செல்வி அங்கேயே அழுதுவிட்டாள். எனக்கும் மூக்கை உறிஞ்ச வேண்டியிருந்தது. நல்லவேளை, குழாய் விட்ட மூக்கு என்பதால் யாரும் தப்பாக நினைக்கவில்லை.

வெளியே வந்தோம். நல்ல வெயில். உடம்பே எடை இல்லாமல் இருந்தது. நம்மவர்களே, உங்களுக்கு மட்டும் உண்மையைச் சொல்கிறேன். இத்தனை மாதத்தில் வராத அளவுக்கு ஆசை அப்போதுதான் வந்தது. வேலை கிடைத்த அன்று, கல்யாணம் நிச்சயமான அன்று, முதல் பேட்ச் நிரம்பிய அன்று, எந்த நல்ல சேதிக்கும் நான் ஒன்று பற்ற வைத்துத்தான் சந்தோஷப்பட்டிருக்கிறேன். சந்தோஷம் என்றால் அதோடு புகை வர வேண்டும் என்றே உடம்பு படித்து வைத்திருக்கிறது. புகையால் வந்தது போய்விட்டது என்ற சேதிக்கும் அது புகையைத்தான் கேட்டது. ஆஸ்பத்திரி வாசலிலேயே கடை. நான் நின்றுவிட்டேன். செல்வி திரும்பிப் பார்த்தாள். மறைக்கத் தோன்றவில்லை. "இப்ப ஒண்ணு பிடிக்கணும் போல இருக்கு செல்வி" என்று சொல்லிவிட்டேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"இருக்கட்டுமே. முன்னெல்லாம் இப்படித் தோணினா கடைக்காரர்கிட்டப் போய்ச் சொல்லுவீங்க. இன்னைக்கு என்கிட்டச் சொல்றீங்க."

இரண்டு பேரும் அது கடந்து போகும் வரை அங்கேயே வெயிலில் நின்றோம், பிறகு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தோம்.

சிகரெட்டை ஒரு தடவை விட்டால் போதும் என்று நினைத்தவன் நான். எங்கெங்கே நின்று பிடித்தோமோ அங்கங்கே தனித்தனியாகப் போய் நின்று விட்டுவிட்டு வர வேண்டும் என்று யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால், ஒரே இடமாகப் பார்த்துப் பிடித்திருப்பேன்.